வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போன மகனுக்காக மேலதிகாரிக்கு போன் போட்டது குற்றமா?

தெம்பனிஸ் அம்மா:
"மேலதிகாரிக்கு போன் போடும் அம்மாக்கள்தான் பையன்களைக் கோழையாக்குகிறார்கள்" என்று பழைய சிப்பாய் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு கொதிக்கிறது. அப்படி போன் போட்ட அம்மா நான்தான். தேசிய சேவையில் இருக்கும் என் மகன், சிங்கப்பூர் ராணுவத்தின் வாலபி பயிற்சிக்கு ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் இருக்கும் ஷோல்வாட்டர் பே பயிற்சிப் பகுதிக்குப் போயிருக்கிறான். அங்கே ராக்ஹேம்ப்டன் நகரத்தில் இறங்கியதும் ஒரு மெசேஜ், அப்புறம் ஒன்றுமே இல்லை. அந்த இடம் சிங்கப்பூரைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு, உள்ளே போனால் சிக்னல் இருக்காது, எல்லாம் தெரியும். கிளம்பும்போது இருமிக்கொண்டே போனான், அதனால் ராணுவம் கொடுத்த எண்ணுக்கு ஒரே ஒரு முறை போன் போட்டேன். சண்டை போடவில்லை, சலுகையும் கேட்கவில்லை.

பழைய சிப்பாய்:
அக்கா, உங்களை மனதில் வைத்து எழுதவில்லை, ஆனால் எழுதியதை மாற்றவும் மாட்டேன். எங்கள் காலத்தில் தேசிய சேவை இரண்டரை வருஷம். பயிற்சிக்குத் தைவானுக்குப் போனால் வீட்டுக்குக் கடிதம்தான், வந்தால் வந்தது. என் அம்மா யாருக்கும் போன் போடவில்லை. அம்மா போன் போட்டது தெரிந்தால் பிளாட்டூன் முழுக்க அந்தப் பையனைத்தான் கிண்டல் செய்யும்.

தெம்பனிஸ் அம்மா:
உங்கள் அம்மா போன் போடவில்லை, சரி. ராத்திரி தூங்கினாரா என்று எப்போதாவது கேட்டீர்களா? 2019 ஜனவரியில் நியூசிலாந்துப் பயிற்சியில் ஒருவர் விபத்தில் அடிபட்டு இறந்தார். அதற்குப் பிறகு ராணுவமே பயிற்சியின் வேகத்தைக் குறைத்தது, பாதுகாப்பைக் கண்காணிக்கத் தனி அலுவலகம் தொடங்கி, அதை நேராகப் படைத் தலைவரின் கீழ் வைத்தது. அவர்களே அவ்வளவு பார்க்கும்போது பெற்றவள் ஒரு போன் போட்டால் மட்டும் கோழைத்தனமா?

ஈசூன் அப்பா:
நான் சிப்பாய் அண்ணன் பக்கம். 2011இல் இணையத்தில் பரவிய புகைப்படம் ஞாபகம் இருக்கிறதா? பையன் சீருடையில் முன்னால் நடக்கிறான், ராணுவப் பையைப் பணிப்பெண் பின்னால் தூக்கிக்கொண்டு போகிறார். எல்லாம் இப்படி போனில்தான் ஆரம்பிக்கிறது.

தெம்பனிஸ் அம்மா:
என் வீட்டில் பணிப்பெண்ணே கிடையாது. என் மகன் பையை அவன்தான் தூக்குகிறான். நான் பேசுவது போனைப் பற்றி, நீங்கள் ஏன் பையை இழுக்கிறீர்கள்?

ரிசர்விஸ்ட் தம்பி:
அக்கா சொல்வதுதான் சரி. தெக்கோங் தீவுப் பயிற்சி முகாமில் சேர்ந்த அன்று என் அப்பா அம்மாவையும் படகில் கூட்டிப்போய், படுக்கும் இடத்தைக் காட்டி, முகாம் உணவுக்கூடமான குக்ஹவுஸில் சாப்பாடும் போட்டார்கள். பெற்றோரை வெளியே நிறுத்த நினைத்தால் அதெல்லாம் எதற்கு? எண்ணைக் கொடுப்பதே கூப்பிடத்தான்.

பழைய சிப்பாய்:
தம்பி, அவசரத்துக்குக் கொடுத்த எண் அது. இருமல் அவசரமா? கூடவே மெடிக் இருக்கிறார், டாக்டர் இருக்கிறார். பயிற்சியில் இருக்கும் அதிகாரி வரைபடத்தைப் பார்ப்பாரா, உங்கள் போனை எடுப்பாரா?

கடற்படை வீட்டுக்காரர்:
நீங்கள் எல்லாரும் பயிற்சிக்கே இப்படி அடித்துக்கொள்கிறீர்கள். என் மகள் கடற்படையில் ரெகுலர், அதாவது அதையே வேலையாக எடுத்துக்கொண்டவள். கடற்கொள்ளையைத் தடுக்க 2009இலிருந்து நம் படை ஏடன் வளைகுடாவுக்குப் போய் வருகிறது, அவளும் போனாள். நானும் மனைவியும் தீபாவளிக்குப் பலகாரம் செய்யாமலே இருந்தோம். ஆனால் யாருக்கும் போன் போடவில்லை. வீரமாகாளியம்மன் கோயிலுக்குப் போவோம், விளக்கேற்றுவோம், வந்துவிடுவோம்.

தெம்பனிஸ் அம்மா:
ஐயா, உங்கள் மகளை நினைத்து எனக்கும் பெருமைதான். அதற்காக என் கவலை சின்னது என்று நீங்கள் எப்படிச் சொல்லலாம்? உங்கள் மகள் தானாக விரும்பிச் சேர்ந்தவள். என் மகனைச் சட்டம் கூப்பிட்டது, அனுப்பினேன், அழாமல் அனுப்பினேன். இந்த வருஷம் தீபாவளிக்கு அவனுடைய புதுச்சட்டை மடித்தபடியே கிடக்கப்போகிறது. குவீன்ஸ்லாந்தில் நேரம் நமக்கு இரண்டு மணி முன்னால், அதனால் இங்கே பத்து மணிக்குமேல் போனைப் பார்த்துப் பயனில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டு, அப்புறமும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். போனை எடுத்த சார்ஜண்ட் "ஆன்ட்டி, நன்றாக இருக்கிறான், சாப்பிடுகிறான்" என்றார். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அன்றைக்குத்தான் தூங்கினேன்.

கடற்படை வீட்டுக்காரர்:
"விரும்பிச் சேர்ந்தவள்" என்றால் பெற்றவர்களுக்கு வலிக்காதா? போன வருஷமும் இங்கே இதையேதான் என்னிடம் சொன்னீர்கள், நான் மறக்கவில்லை.

பழைய சிப்பாய்:
அந்த சார்ஜண்ட் மரியாதைக்குச் சொல்லியிருப்பார். வைத்த பிறகு என்ன நினைத்தார் என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு போன் என்றாலும் போன் போன்தான்.

ரிசர்விஸ்ட் தம்பி:
நான் சார்ஜண்டாக இருந்தவன், அண்ணே. எனக்கும் அம்மாக்கள் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒன்றும் தப்பாக நினைத்ததில்லை.

பழைய சிப்பாய்:
உங்கள் காலத்து சார்ஜண்ட் வேறு, எங்கள் காலத்து சார்ஜண்ட் வேறு.

ஈசூன் அப்பா:
பை விஷயத்துக்கு இன்னும் யாரும் எனக்குப் பதில் சொல்லவில்லை.