வெந்நீர் மட்டும் நூல் மாதிரி வருது, கீசரை மாத்தணுமா? (கோத்தகிரி)

கோத்தகிரி_ஓட்டுவீடு:
வணக்கம். டேங்க் அடிமட்டம் ஷவருக்கு 2 மீட்டர் மேலே இருக்கு. 25 லிட்டர் கீசர். பச்சைத் தண்ணி 10 லிட்டர் வாளியை ஒண்ணேகால் நிமிஷத்துல நிரப்புது, வெந்நீருக்கு 4 நிமிஷம் ஆகுது. ஆறு மாசமா கொஞ்சங்கொஞ்சமா குறைஞ்சுட்டே வந்துச்சு. டேங்க்ல இருந்து கீசர் வரைக்கும் பழைய ஜி.ஐ. (துத்தநாகம் பூசின இரும்பு) பைப், கீசருக்கு அப்புறம் சி.பி.வி.சி. (சூடு தாங்குற பிளாஸ்டிக்). கீசரை மாத்தணுமா, பம்ப் போட்டா போதுமா?

ரெஞ்சு22:
இப்போதைக்கு ரெண்டும் வேண்டாம். கீசர்ல வெந்நீரைத் தள்ளுறதே உள்ளே வர்ற பச்சைத் தண்ணிதான். அதனால வெந்நீர் குறைஞ்சா முதல்ல இன்லெட் பக்கம் பாருங்க.

கீசரோட எம்.சி.பி.யை (கரண்டைத் துண்டிக்கிற சுவிட்ச்) அணைச்சு, வெந்நீர்க் குழாயைத் திறந்து உள்ளே இருக்கிற சூட்டை ஓடவிடுங்க. தண்ணி ஆறின பிறகு ஆங்கிள் காக்கை (சுவர்ல இருந்து கீசருக்குத் தண்ணி விடுற திருகு குழாய்) மூடி, இன்லெட் ஹோஸைக் கீசர் பக்கம் கழற்றி வாளியில விட்டு, காக்கைத் திறங்க. இங்கேயே மெலிசா வந்தா கோளாறு ஆங்கிள் காக்ல, இல்ல ஹோஸ்ல. நசுங்கின ரப்பர் வாஷர் பாதி வழியை அடைச்சிடும். வேகமா வந்தா ஹோஸை மறுபடி மாட்டி, அவுட்லெட் ஹோஸைக் கழற்றி அங்கே அளந்து பாருங்க. அங்கேயும் நல்லா வந்தா வெந்நீரையும் பச்சைத் தண்ணியையும் கலக்கிற மிக்ஸரோட கார்ட்ரிட்ஜும் (உள்ளே தண்ணியைத் திறந்து மூடுற பாகம்) அதுக்கு முன்னாடி இருக்கிற சல்லடையும்தான் மிச்சம்.

ரெஞ்சு போடும்போது கீசர் நிப்பிளை (ஹோஸ் மாட்டுற மரைக் குழாய்) இன்னொரு ரெஞ்சால பிடிச்சுக்கோங்க. அது டேங்கோட பற்றவைச்சது, திரும்பினா கீசரே போச்சு.

கோத்தகிரி_ஓட்டுவீடு:
பார்த்தாச்சு சார். இன்லெட் ஹோஸ்ல நல்லா வருது, அவுட்லெட்ல மெலிசு. இன்லெட் நிப்பிள்ல இருக்கிற வால்வைக் கழற்றினா உள்ளே செம்பழுப்பா துருத் துகள். அந்த வால்வை எடுத்துட்டு நேரா மாட்டலாமா?

ரெஞ்சு22:
கூடாது. டேங்க் காலியானா கீசர்த் தண்ணி பின்னால இறங்காம தடுக்கிறதும், உள்ளே அழுத்தம் ஏறினா வெளியே விடுறதும் அதுதான். அது இல்லாம கீசர் காலியாகி, சுவிட்ச் போட்டா காயில் எரிஞ்சிடும்.

உங்க உயரத்துக்கு அழுத்தம் 0.2 பார்தான். வால்வோட ஸ்பிரிங்கைத் தள்ளவே அதுல ஒரு பங்கு போயிடும், மேல துருவும் சேர்ந்தா நூல்தான் வரும். வினிகர்ல ஒரு மணி நேரம் ஊறவெச்சு, பழைய பல்துலக்கியால தேய்ச்சு, விரலால அழுத்திப் பாருங்க. ஸ்பிரிங் லேசா போய் வரணும். சிக்கினா புதுசு வாங்குங்க, அதே அழுத்த அளவு உள்ளதா, அம்புக்குறி கீசரைப் பார்த்து. டெஃப்ளான் டேப் 10, 12 சுத்து, மரை திரும்புற பக்கமே சுத்தணும். எல்லாம் மாட்டினதும் வெந்நீர்க் குழாயில காத்து போய்த் தண்ணி ஒழுங்கா வந்த பிறகுதான் கரண்ட். சூடாகும்போது வால்வுல ரெண்டொரு சொட்டு விழுந்தா பயப்படாதீங்க, அது இயல்பு.

கொடை_மேடு:
வால்வைச் சுத்தம் பண்ணாலும் துரு எங்கிருந்து வருதுன்னு பார்க்கணும், இல்லேன்னா மறுபடி அடைக்கும். அந்த ஜி.ஐ. பைப்தான். உடனே மாத்த முடியலேன்னா கீசருக்கு முன்னாடி ஒரு ஒய் ஸ்ட்ரெய்னர் (துருவைப் பிடிக்கிற சல்லடை) போட்டு, மாசம் ஒரு தரம் கழுவுங்க. மாத்தும்போது மெயின் லைன் முக்கால் இஞ்ச்ல போடுங்க, கீசர் கிட்ட மட்டும் அரை இஞ்ச். வெந்நீர்ப் பக்கம் சாதாரண பி.வி.சி. வேண்டாம், சூட்டுல இளகிடும். ஐ.எஸ். 15778 முத்திரை போட்ட சி.பி.வி.சி. எடுங்க.

நம்ம மலைக் குளிர்ல ஒட்டுப் பசை காய நேரம் கூடும். கீழே ஊர்ல சொல்ற ரெண்டு மணி நேரக் கணக்கை நம்பாம, மத்தியான வெயில்ல ஒட்டி ராத்திரி முழுக்க விட்டுட்டு, காலையில தண்ணி திறங்க.

பம்ப் போடுறதா இருந்தா டேங்க் வெளியேறும் இடத்துல பொதுவா போடணும். வெந்நீருக்கு மட்டும் போட்டா மிக்ஸர்ல ஒண்ணு இன்னொண்ணை அமுக்கும்.

கோத்தகிரி_ஓட்டுவீடு:
வால்வு மட்டும் சுத்தம் பண்ணி மாட்டினேன். 10 லிட்டர், ஒண்ணரை நிமிஷம். ஸ்ட்ரெய்னர் முக்கால் இஞ்சா, அரை இஞ்சா வாங்கட்டும்?

கொடை_மேடு:
கீசர் லைன் அரை இஞ்ச்னா அரை இஞ்சே. பித்தளையில வாங்குங்க, மூடி கீழ்ப்பக்கம் பார்க்கிற மாதிரி மாட்டுங்க.