'சிஸ்ஜெண்டர் சலுகை' என்று சொல்வது சரியா?

வேலன்: பிறந்தபோது குறிக்கப்பட்ட பாலினமும் தான் உணரும் பாலினமும் ஒன்றாக இருப்பவரைச் சிஸ்ஜெண்டர் என்கிறார்கள். சரி. அதோடு 'சலுகை'யைச் சேர்ப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை. மூட்டை தூக்கிப் பிழைக்கிறவரிடம் போய் உனக்குச் சலுகை இருக்கிறது என்றால் அவர் என்ன நினைப்பார்?

யாழினி: பணத்தில் அவருக்குச் சலுகை இல்லை, உண்மை. ஆனால் பொதுக் கழிப்பறைக்குள் நுழைந்தால் அவரை யாரும் தடுக்க மாட்டார்கள். அடையாள அட்டையை நீட்டினால் பெயரையும் முகத்தையும் மாறி மாறிப் பார்க்க மாட்டார்கள். காய்ச்சல் என்று மருத்துவரிடம் போனால் காய்ச்சலைப் பற்றி மட்டும் கேட்பார்கள். அதே மூட்டையைத் தூக்கும் திருநங்கைக்கு இது எதுவும் நிச்சயமில்லை. அந்த வேலை கிடைப்பதே பெரும்பாடு. 1988இல் அமெரிக்க ஆய்வாளர் பெகி மெக்கின்டோஷ் வெள்ளையர்களின் சலுகைகளைப் பட்டியலிட்டபோதும், தன் தோல் நிறத்துக்கு ஏற்ற பிளாஸ்திரி கடையில் கிடைப்பது போன்ற சின்ன விஷயங்களையும் எழுதினார்.

வேலன்: தடுக்கப்படாமல் இருப்பது எல்லோருக்கும் உள்ள உரிமை. அதைச் சலுகை என்றால் ஏதோ பறிக்க வேண்டியது போலத் தொனிக்கிறது. பாகுபாடு என்று நேராகச் சொல்லுங்கள், நானும் கூட நிற்கிறேன்.

மாறன்: நான் திருநம்பி. பாகுபாடு என்றதும் அதைச் செய்த ஆளைத் தேடுவோம். பல நேரம் அப்படி யாரும் இருப்பதில்லை. படிவத்தில் ஆண், பெண் என்று இரண்டே கட்டம் போட்டவர் என்னை வெறுத்துப் போடவில்லை, நான் அவர் நினைப்பிலேயே இல்லை. 2019இல் உலக சுகாதார நிறுவனம் ஐசிடி-11 என்ற புதிய நோய் வகைப்பாட்டுப் பட்டியலை ஏற்கும்வரை எங்கள் அடையாளம் மனநலக் கோளாறுகளின் வரிசையில் இருந்தது. சிஸ்ஜெண்டராக இருப்பதை எவரும் கோளாறாகப் பதிந்ததில்லை. அதைப் பற்றி யோசிக்கவே உங்களுக்குத் தேவை வரவில்லை, இல்லையா? அதற்கு ஒரு பெயர் வேண்டும்.

வேலன்: அது புரிகிறது. நடைமுறையில் நடப்பது வேறு. யாராவது சந்தேகம் கேட்டால் 'உன் சலுகை பேசுகிறது' என்று வாயை அடைக்கிறார்கள்.

யாழினி: அப்படி அடைப்பது தப்புதான். கேள்வியை விட்டுவிட்டுக் கேட்டவரைத் தாக்குவது வாதமே ஆகாது. ஒரே ஆள்மீது பல ஒடுக்குமுறைகள் குறுக்கிடுவதை அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989லேயே விளக்கிவிட்டார். அதனால் சலுகை என்கிறவர் எதில் என்றும் சொல்லியாக வேண்டும்.

வேலன்: கழிப்பறையில், படிவத்தில், மருத்துவமனையில் என்று இடத்தைச் சொல்லுங்கள், கேட்கிறேன். மொட்டையாக 'சலுகை பெற்றவன்' என்றால் இனியும் மறுப்பேன்.