பற்களை வெண்மையாக்குதல்: எது பலன் தரும், எது எனாமலைக் கெடுக்கும்?

கேள்வி: மதிவாணன்

வணக்கம். எனக்கு நாற்பது வயது கடந்துவிட்டது. பல்வலியோ சொத்தையோ இல்லை. ஆயினும் சில ஆண்டுகளாக மேல்வரிசைப் பற்கள் மஞ்சளாகிக்கொண்டே வருகின்றன. முன்பற்களில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கருத்து, சாம்பல் சாயலில் தெரிகிறது. அதற்கு அடுத்த பல்லுக்கு முன்பே கேப் போடப்பட்டுள்ளது. கரித்தூள் பற்பசை, எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும் கலந்த கலவை, பல்லில் ஒட்டும் பட்டை, மருத்துவரிடம் விளக்கொளியில் செய்துகொள்ளும் சிகிச்சை என ஆளுக்கொன்றைப் பரிந்துரைக்கிறார்கள். இவற்றில் எது உண்மையாகவே பயன் தரும், எதனால் நிலையான கேடு வரும் என்பதை விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

மறுமொழி: கயல்விழி

நான் கரித்தூள் பற்பசையைச் சில மாதங்களாகப் பயன்படுத்துகிறேன். தேநீர்க் கறை நன்றாகவே குறைந்தது. வேதிப்பொருள் எதுவும் சேராதது என்பதால் அதுவே பாதுகாப்பானது என்று கருதுகிறேன்.

மறுமொழி: பல் மருத்துவர்

கயல்விழி அவர்கள் கண்ட மாற்றம் மெய்யே. தேநீர், காபி, புகையிலை ஆகியவை பல்லின் வெளி அடுக்கான எனாமலின் மேல் படியவிடும் கறையைக் கரித்தூள் உரசி எடுத்துவிடும். ஆனால் மதிவாணன் சொல்லும் மஞ்சள் பெரும்பாலும் மேற்பரப்பில் இருப்பதன்று. எனாமல் ஓரளவு ஒளி ஊடுருவும் பொருள்; அதற்கு அடியிலுள்ள டென்டின் இயல்பிலேயே மஞ்சள் நிறமுடையது. வயது ஏற ஏற எனாமல் தேய்ந்து மெலிய, டென்டின் தடித்து அதன் நிறமும் அழுத்தமாவதால், உள்ளிருக்கும் மஞ்சள் வெளியே துலங்குகிறது. இந்நிலையில் கரித்தூளை நாள்தோறும் அழுத்தித் தேய்ப்பவர், மஞ்சளை மறைத்து நிற்கும் அடுக்கையே குறைத்துக்கொண்டிருக்கிறார். இழந்த எனாமலை உடல் மீண்டும் உருவாக்குவதில்லை என்பதால்தான் இதை இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன்.

எலுமிச்சை இன்னும் மோசமானது. அதன் சாற்றின் பிஹெச் அளவு (இது குறையக் குறைய அமிலத்தன்மை கூடும்) 2 முதல் 3 வரை இருக்கும். எனாமலோ ஏறத்தாழ 5.5க்குக் கீழே சென்றாலே கரையத் தொடங்கும். அமிலத்தால் மென்மையான பரப்பின் மீது உடனே பிரஷ்ஷையும் ஓட்டினால் தேய்மானம் இன்னும் கூடுகிறது. சமையல் சோடா சேர்ந்த சாதாரணப் பற்பசையில் உரசும் தன்மை குறைவு. மேற்கறைக்கு அதுவும், பல் மருத்துவர் கருவியால் படிவுகளை நீக்கும் ஸ்கேலிங்கும் போதும்.

உள்ளிருக்கும் நிறத்தை மாற்ற முக்கியமாகப் பயன்படுவது பெராக்சைடு. ஹைட்ரஜன் பெராக்சைடின் மூலக்கூறு மிகச் சிறியது. எனாமலைக் கடந்து டென்டின்வரை சென்று, அங்குள்ள நிறமிகளை ஆக்சிஜனேற்றம் செய்து வெளுக்கச் செய்கிறது. பல்லின் அளவெடுத்துச் செய்த மெல்லிய ட்ரேயில் 10 சதவீதக் கார்பமைடு பெராக்சைடு ஜெல்லை இட்டு இரவில் அணியும் முறையை ஹேவுட், ஹேமன் என்னும் இரு பல் மருத்துவர்கள் 1989இல் வெளியிட்டனர். அந்த ஜெல்லிலிருந்து வெளிப்படும் ஹைட்ரஜன் பெராக்சைடு சுமார் 3.5 சதவீதந்தான். பலன் தெரிய இரண்டு வாரம் அல்லது அதற்கு மேலும் ஆகும். ஆனால் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வந்த முறை இதுவே, என் முதல் பரிந்துரையும் இதுவே. ஒட்டும் பட்டைகளும் இதே வேதிவினையால்தான் வேலை செய்கின்றன. வளைந்த, நெருக்கமான பற்களில் அவை சரியாகப் படியாமல் திட்டுத்திட்டாக வெளுப்பதுண்டு.

பல் மருத்துவமனையிலேயே செய்யும் சிகிச்சையில் 25 முதல் 40 சதவீதம்வரை செறிவுள்ள பெராக்சைடு ஜெல்லை, ஈறுகளை மூடிப் பாதுகாத்த பிறகே பூசுவார்கள். விரைவில் முடியும் என்பதே அதன் சிறப்பு. விளக்கொளி நிலையான கூடுதல் வெண்மையைத் தருவதாக உறுதிப்படவில்லை. சிகிச்சை முடிந்து எழுந்தவுடன் கண்ணாடியில் தெரியும் பளிச்சென்ற வெண்மையில் ஒரு பகுதி, பல் உலர்ந்ததால் வந்தது. ஈரம் திரும்பியதும் அது சற்றுத் தணியும். செறிவு மிகுந்த ஜெல்லைத் தாமாக வாங்கிப் பூசிக்கொள்வது ஈறுகளைச் சுட்டுவிடும். 2012 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு 0.1 சதவீதத்துக்கு மேல் 6 சதவீதம்வரையுள்ள வெண்மையாக்கும் பொருட்களைப் பல் மருத்துவர் வழியாகவே தர வேண்டும், 18 வயதுக்குக் குறைந்தோருக்குத் தரக்கூடாது என்று விதித்திருப்பதும் பாதுகாப்புக் கருதியே.

இனி, அந்தச் சாம்பல் பல். ஒரு பல் மட்டும் கருத்தால், எப்போதோ பட்ட அடியில் அதன் உட்கூழ் (நரம்பும் இரத்தக் குழாயும் உள்ள உட்பகுதி) இறந்திருக்கலாம். வலி இல்லாமலேயே வேர்நுனியில் நோய்த்தொற்று வளரவும் கூடும். ஆகவே எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் எந்த வெண்மையாக்கலையும் தொடங்காதீர்கள். தேவைப்பட்டால் வேர் சிகிச்சை செய்து, அந்தப் பல்லை மட்டும் உட்புறமாக வெளுக்கச் செய்யலாம்.

மறுமொழி: மதிவாணன்

மிக்க நன்றி, டாக்டர். எக்ஸ்ரேக்கு நேரம் கேட்டுவிட்டேன். இன்னும் இரண்டு ஐயங்கள்: குளிர்ந்த நீர் குடித்தால் எனக்கு இப்போதே இலேசாகக் கூசுகிறது, பெராக்சைடு அதைக் கூட்டுமா? கேப்பின் நிறமும் மாறுமா?

மறுமொழி: பல் மருத்துவர்

சிகிச்சை நடக்கும் நாட்களில் கூச்சம் கூடலாம். பெரும்பாலும் நிறுத்திய சில நாட்களில் தணிந்துவிடும். உங்களுக்கு முன்பே கூச்சம் இருப்பதால், விரிசலோ ஈறு இறக்கமோ உண்டா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கூச்சத்தைக் குறைக்கும் பொட்டாசியம் நைட்ரேட் கலந்த பற்பசையை இரண்டு வாரம் முன்னதாகவே தொடங்கி, ஜெல்லை ஒருநாள் விட்டு ஒருநாள் பயன்படுத்தினால் தாங்கிக்கொள்ளலாம். ட்ரேயில் ஒவ்வொரு பல்லுக்கும் ஓர் அரிசியளவு துளி போதும். மிகுதியாக வழிந்தது ஈறில் பட்டால் அந்த இடம் வெளிறி எரியும், உடனே துடைத்துவிடுங்கள்.

கேப்பின் நிறம் மாறாது. நிறப்பொருத்தத்துக்காக அடைத்த ஃபில்லிங்கும் மாறாது. இயற்கைப் பற்கள் வெளுத்து முடிந்ததும் குறைந்தது இரண்டு வாரம் காத்திருந்து, நிறம் ஒரு நிலைக்கு வந்த பிறகே புதிய கேப்புக்கு நிறம் தேர்ந்தெடுங்கள். வெளுத்தவுடன் பல்லில் எஞ்சியிருக்கும் ஆக்சிஜன் ஒட்டுப்பொருளின் பிடிப்பையும் தளர்த்துவதால், ஃபில்லிங் வேலைக்கும் இதே இடைவெளி தேவை.