ஒகையோவிலிருந்து ஷெஃபீல்டு: எனக்குப் பழகிவிட்டது, என் கணவருக்குப் பழகவில்லை

வைகைக்கரை:

வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி. இங்கிலாந்தில் பல வருடமாக இருக்கிறவர்கள், முக்கியமாக அமெரிக்காவிலிருந்து இங்கே வந்தவர்கள், பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள்.

நான் மதுரைக்காரி. மேல்படிப்புக்கு ஒகையோ போய், அங்கேயே கல்யாணம் ஆகி, 16 வருடம் இருந்துவிட்டேன். கணவர் டேட்டன் பக்கம் ஒரு சின்ன ஊரில் பிறந்து வளர்ந்தவர். மேஜை, நாற்காலி, அலமாரி செய்யும் தச்சர். இருவருமே அமெரிக்கக் குடிமக்கள். ஷெஃபீல்டில் எனக்கு ஆராய்ச்சி வேலை கிடைத்து 2025 ஆகஸ்டில் வந்து சேர்ந்தோம். என் விசாவை ஒட்டி அவருக்கும் வேலை செய்ய அனுமதி உண்டு. ஒரு மரப்பட்டறையில் சேர்ந்துவிட்டார்.

கிளம்பும்போது பயந்தவள் நான். "ஒரே மொழிதானே, என்ன வந்துவிடப் போகிறது" என்று தைரியம் சொன்னவர் அவர். மூன்று மாதத்தில் எல்லாம் தலைகீழாகிவிட்டது.

எனக்கு இங்கே பாதி விஷயம் ஏற்கெனவே தெரிந்தது மாதிரி இருக்கிறது. பிளக் பாயின்ட் ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே சுவிட்ச். தரைத்தளத்துக்கு மேலே இருப்பதுதான் முதல் மாடி. தேதியில் நாள் முன்னால், மாதம் பின்னால். பெட்ரோல், டார்ச், லிஃப்ட், இசட். இடது பக்கம் ஓடும் வண்டிகள். பள்ளிக்கூடத்தில் படித்ததையெல்லாம் அமெரிக்காவில் பாடுபட்டு மாற்றிக்கொண்டேன். இங்கே இறங்கியதும் எல்லாம் தானாகத் திரும்பி வருகிறது. அவருக்கோ பால் வாங்கப் போனாலும் தடுக்குகிறது. கடையில் முட்டை வெளியே அலமாரியில் இருப்பதைப் பார்த்துக் கெட்டுப்போனது என்று வாங்காமல் வந்துவிட்டார். (அமெரிக்காவில் முட்டையைக் கழுவி விற்பதால் குளிரில் வைத்தே ஆக வேண்டும். இங்கே கழுவுவதில்லை.) பட்டறையில் எல்லா அளவும் மில்லிமீட்டரில். வெளியே வந்தால் சாலையில் மைல், பப்பில் பைன்ட். இருபது வருடமாக அங்குலத்தில் யோசித்த கை அவருடையது.

இவற்றையெல்லாம் அவர் சமாளித்துவிடுவார். என் கவலை வேறு.

பட்டறையில் வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் நாலைந்து பேர் பப்புக்குப் போவார்கள். ஒருவர் எழுந்து கவுண்டருக்குப் போய் எல்லோருக்கும் வாங்கி வருவார், அடுத்த தடவை இன்னொருவர். ரவுண்ட் என்று பெயர். அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஊரில் ஆளுக்கொரு பில், அதன் மேல் தாராளமாக டிப்ஸ் என்று பழகியவர் இவர். கையில் கிளாஸ் வந்ததும் நன்றி சொல்லிக் குடித்திருக்கிறார். தன் முறை என்று ஒன்று இருப்பது தெரியாமலே ஐந்து வாரம் ஓடிவிட்டது. கடைசியில் அங்கே வேலை பழகும் பையன் ஒருவன் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறான். அன்று வீட்டுக்கு வந்தவர் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. "ஐந்து வாரமாக என்னைக் கஞ்சன் என்று நினைத்திருப்பார்கள்" என்றார். எங்கள் கல்யாணத்துக்கு மதுரையிலிருந்து வந்த என் சொந்தங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு மரக்கரண்டி செதுக்கிக் கொடுத்த மனுஷன். அதற்குப் பிறகு அவர் வெள்ளிக்கிழமை அங்கே போவதில்லை.

அப்புறம் அக்டோபர் கடைசி ஞாயிறு. ஒவ்வொரு ஞாயிறும் மாலை ஆறு மணிக்கு அவர் அம்மாவுக்கு ஃபோன் செய்வார், அங்கே மதியம் ஒன்று. இங்கே கடிகாரத்தை மாற்றிய நாள் அது. அமெரிக்காவில் ஒரு வாரம் கழித்துத்தான் மாற்றுகிறார்கள். இவர் ஆறு மணிக்குக் கூப்பிட்டபோது அங்கே இரண்டு. அத்தை ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டுத் தங்கை வீட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார். ஒன்றுமில்லாத விஷயம்தான். ஆனால் மணி அடித்து ஓய்ந்த ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. இப்போது நாலேகாலுக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. பேச்சும் குறைந்துவிட்டது.

நான் அமெரிக்காவில் இறங்கியபோது நான் அந்நியம் என்று எனக்கும் தெரியும், பார்க்கிறவர்களுக்கும் தெரியும். தப்பு செய்தால் பொறுத்துக்கொண்டார்கள். இவருக்கு அந்தச் சலுகை இல்லை. இவர் பேச்சைக் கேட்டு அமெரிக்கர் என்று தெரிந்துகொள்கிறார்களே தவிர, இவருக்கு எதுவும் தெரியாமல் இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

இன்னும் டாக்டரிடம் பதிவு செய்துகொள்ளவில்லை, பில் வரும் என்று பயம். ஊரில் தூங்குவதற்கு மெலடோனின் போடுவார், இங்கே எந்தக் கடையிலும் இல்லை. ஒரு வருடத்துக்குள் டிரைவிங் டெஸ்ட் எழுத வேண்டும் என்று கேட்டதிலிருந்து அது ஒரு பாரம். இவருக்கு நான் என்ன செய்யலாம்?

---

மலைப்பாதை:

சகோதரி, நான் திருநெல்வேலி. ஷெஃபீல்டுக்கு வந்து 22 வருடம் ஆகிறது.

பப் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். வருகிற வெள்ளிக்கிழமை அவரைக் கட்டாயம் போகச் சொல்லுங்கள். எல்லோரும் கோட்டைக் கழற்றுவதற்குள் இவர் முதல் ஆளாகக் கவுண்டர் பக்கம் நகர்ந்து, ஆளாளுக்கு என்ன வேண்டும் என்று கேட்கட்டும். விளக்கம், மன்னிப்பு எதுவும் வேண்டாம். அதற்கு அடுத்த வாரமும் அப்படியே. கணக்கு நேராகிவிடும். மது குடிக்காத நானே 22 வருடமாக எலுமிச்சை சோடாவைக் கையில் வைத்துக்கொண்டு ரவுண்ட் வாங்குகிறேன். அந்தப் பையன் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான் பாருங்கள், அவனுக்கு உங்கள் வீட்டுக்காரரைப் பிடித்திருக்கிறது. பிடிக்காத ஆளுக்கு இந்த ஊரில் யாரும் எதையும் சொல்ல மாட்டார்கள்.

"யூ ஆல்ரைட்?" என்று கடையில் கேட்டால் உடம்புக்கு என்ன என்று கேட்பதாக நினைக்க வேண்டாம். நம் ஊரில் பழகின முகத்தைப் பார்த்து "என்ன, கடைக்கா?" என்று கேட்பது மாதிரி. "டீ" என்றால் பல வீடுகளில் ராத்திரிச் சாப்பாடு. டீக்கு வாங்க என்றால் பசியோடு போகலாம்.

இப்போது முக்கியமானது. அவரை நடக்கக் கூட்டிப் போங்கள். பூங்காவில் இல்லை, வயலில். இங்கே பொதுநடைபாதை என்று சட்டத்தில் உரிமை இருக்கிறது. அந்தப் பாதை அடுத்தவர் தோட்டம், ஆட்டுமந்தை மேயும் புல்வெளி, சில இடங்களில் வீட்டு முற்றம் வழியாகக்கூடப் போகும். நடக்கிறவரை யாரும் தடுக்க முடியாது. மஞ்சள் அம்புக்குறி இருந்தால் நடப்பவருக்கு, நீல அம்பு என்றால் குதிரைக்கும் சைக்கிளுக்கும் சேர்த்து. "உள்ளே நுழையாதே" பலகை பார்த்து வளர்ந்த அமெரிக்கர்களுக்கு முதல் தடவை கால் கூசும். என்னோடு வேலை பார்த்த டெக்சாஸ்காரர் ஒருவர் பண்ணை வாசலில் பத்து நிமிடம் நின்றார், யாராவது துப்பாக்கியோடு வருவார்களோ என்று.

ஷெஃபீல்டிலிருந்து ரயில் ஏறினால் அரை மணி சொச்சத்தில் ஈடேல் கிராமம். எதிரே தெரிவது கிண்டர் ஸ்கவுட் மலை. ஒரு காலத்தில் அந்த மேட்டு நிலமெல்லாம் பணக்காரர்கள் பறவை வேட்டைக்கென்று அடைத்து வைத்திருந்தது. 1932 ஏப்ரல் 24 அன்று மான்செஸ்டர் பக்கமிருந்தும் ஷெஃபீல்டிலிருந்தும் தொழிலாளிகள் நூற்றுக்கணக்கில் கூட்டமாக ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1949இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது, 1951இல் நாட்டின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது இந்த மலையெல்லாம் அடங்கிய பீக் டிஸ்டிரிக்ட்தான். இதை அவரிடம் சொல்லிவிட்டு ஏறுங்கள். பட்டறை ஆட்களிலும் ஞாயிற்றுக்கிழமை நடக்கப் போகிறவர் ஒருவராவது இருப்பார். கேட்கச் சொல்லுங்கள். மழைக்கோட்டு மறக்க வேண்டாம்.

---

ஹரோ மருந்துக்கடை:

தங்கச்சி, நான் யாழ்ப்பாணம், இங்கே மருந்தாளர். முதல் வேலையாக இரண்டு பேரும் ஜிபியிடம், அதுதான் குடும்ப டாக்டரிடம், பதியுங்கோ. காசு கேட்க மாட்டார்கள். விசா எடுக்கும்போதே ஆளுக்கு வருடத்துக்கு 1,035 பவுண்டு சுகாதாரக் கட்டணம் வாங்கியிருப்பார்களே, அது இதற்குத்தான். டாக்டரைப் பார்க்கவும் பில் இல்லை, ஆஸ்பத்திரியில் படுத்தாலும் பில் இல்லை. இங்கிலாந்தில் மருந்துச்சீட்டுக்கு மட்டும் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு. என்னிடம் வருகிற அமெரிக்கர்கள் மருந்தை வாங்கிய பிறகும் கதவடியில் நின்று திரும்பிப் பார்ப்பார்கள், மிச்சக் காசு எப்போது கேட்பார்கள் என்று. அந்தப் பயம் லேசில் போகாது. அவரைக் குறை சொல்லாதேங்கோ.

மெலடோனின் இங்கே மருந்துச்சீட்டுக்கு மட்டும்தான். நித்திரை வராதது இருட்டாலா, மனதாலா என்று ஜிபியோடு கதைக்கட்டும். அவர் வெட்கப்பட வேண்டியதில்லை, அங்கே இதைச் சாதாரணமாகக் கேட்பார்கள். ஊரிலிருந்து பெனாட்ரில் கொண்டுவந்திருந்தால் கவனம். அதே பெயர், ஆனால் இங்கே விற்பது வேறு மருந்து. அசெட்டமினோஃபென்தான் இங்கே பாரசிட்டமால். சூப்பர்மார்க்கெட்டில் பெட்டிக்கு 16 குளிசை, இரண்டு பெட்டிக்கு மேல் தர மாட்டார்கள். 1998இலிருந்து பெட்டியைச் சின்னதாக்கி வைத்திருக்கிறார்கள், மனமுடைந்த நேரத்தில் கைக்கு நிறையக் கிடைக்கக் கூடாது என்று.

---

எல் பலகை:

அக்கா, லெஸ்டரில் டிரைவிங் சொல்லிக்கொடுக்கிறேன். சொந்த ஊர் பொள்ளாச்சி. அமெரிக்க மாணவர்கள் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் அவர் ஒகையோ லைசென்ஸில் ஓட்டலாம். அதற்குப் பிறகு கூடாது. அமெரிக்க லைசென்ஸை மாற்றித் தரும் ஏற்பாடு கிடையாது. பதினாறு வயதிலிருந்து ஓட்டுகிறவரை எல் பலகை மாட்டச் சொல்கிறோமே என்று எனக்கே சங்கடமாக இருக்கும். ஆனால் 12 மாதத்துக்குள் டெஸ்ட் பாஸ் செய்துவிட்டால் எல் பலகையோடு பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டு ஓட்டும் கட்டம் வரவே வராது. டெஸ்ட் தேதி கிடைக்கப் பல மாதம் ஆகிறது. அதனால் இந்த வாரமே இணையத்தில் 34 பவுண்டு கட்டி புரொவிஷனல் (பழகுநர் லைசென்ஸ்) எடுத்துவிடுங்கள். தியரியில் 50 கேள்விக்கு 43 சரியாக வர வேண்டும், கூடவே ஆபத்தைக் கண்டுபிடிக்கும் வீடியோ பகுதியில் 75க்கு 44. ரோட்டு டெஸ்டில் 15 சின்னத் தப்பு வரை விடுவார்கள், பெரிய தப்பு ஒன்று என்றாலே போச்சு. ஆட்டோமேட்டிக் காரில் பாஸ் செய்தால் ஆட்டோமேட்டிக் மட்டும்தான் ஓட்டலாம். யோசித்துக்கொள்ளுங்கள்.

அனுபவசாலிகள் தோற்பது ஓட்டத் தெரியாமல் இல்லை. சிவப்பு விளக்கில் அங்கே வலது திரும்பலாம். அந்தப் பழக்கத்தில் இங்கே இடது திரும்பிவிடுவார்கள், அதோடு முடிந்தது. ரவுண்டபவுட்டில் வலமிருந்து வருகிறவருக்கு வழி விட வேண்டும். ஆனால் வழி காலியாக இருக்கும்போதும் நின்றால் அதுவும் தப்புக்கணக்கில் போகும். இரண்டு பக்கமும் கார் நிற்கும் சந்தில் எதிரே வண்டி வந்தால் யார் ஒதுங்குவது என்று பதற்றப்படுவார்கள். ஒதுங்கினவருக்கு எதிராளி கையைத் தூக்கி நன்றி சொல்வார், நாமும் சொல்ல வேண்டும். நாலைந்து வகுப்பு போதும். முதல் வகுப்பிலேயே "நான் 25 வருடமாக ஓட்டுகிறேன், இந்த ஊர்ப் பழக்கத்தை மட்டும் சொல்லிக்கொடுங்கள்" என்று சொல்லிவிடச் சொல்லுங்கள்.

---

வைகைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. பதில்களை அவருக்கு மொழிபெயர்த்து வாசித்துக் காட்டினேன். கதவடியில் திரும்பிப் பார்ப்பது பற்றி அந்த அண்ணன் எழுதியதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். திங்கட்கிழமை பதிவு செய்தாகிவிட்டது.

நடுவில் வாக்காளர் பட்டியல் படிவம் ஒன்று வீட்டுக்கு வந்தது. நாங்கள் அமெரிக்கர்கள், ஓட்டு இல்லை. நான் இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்திருந்தால் காமன்வெல்த் குடிமகள் என்ற முறையில் இங்கே எனக்கு ஓட்டு இருந்திருக்கும், இப்போது கையில் இருக்கும் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது) அதற்கு உதவாது. அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் படிவத்தையே பார்த்துவிட்டு, "அந்தப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்த அன்றைக்கு நீ எப்படி இருந்தாய் என்று நான் கேட்கவே இல்லையே" என்றார். அன்று ராத்திரி ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

வெள்ளிக்கிழமை போனார், முதல் ரவுண்ட் அவர்தான் வாங்கினாராம். ஞாயிறு ஈடேல் போனோம். மேலே ஏறவில்லை, ஒரே மூடுபனி. கீழே வயல்களிலேயே மூன்று மணி நேரம் நடந்தோம். வேலியைத் தாண்ட மரப்படி வைத்திருக்கிறார்கள் இல்லையா, ஒவ்வொரு படியிலும் நின்று எப்படி இணைத்திருக்கிறார்கள் என்று தடவிப் பார்த்தார். ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அந்த வழியாக வந்த பெரியவர் ஒருவர், இதையெல்லாம் சரிசெய்யத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள் என்றார். எந்த மரம், எத்தனை வருடம் தாங்கும் என்று இரண்டு பேரும் பேசி முடிக்கும்வரை நான் குளிரில் நின்றேன். வீட்டுக்கு வந்து அந்தத் தன்னார்வலர்களை இணையத்தில் தேடிக்கொண்டிருக்கிறார்.

நவம்பர் 27 அமெரிக்காவில் நன்றித் திருநாள். இங்கே விடுமுறை இல்லை, அதனால் 29ஆம் தேதி சனிக்கிழமை பட்டறை ஆட்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார். கிறிஸ்துமஸுக்கு முன்னால் முழு வான்கோழி வேண்டும் என்றதும் கறிக்கடைக்காரர் ஆச்சரியப்பட்டார், வரவழைத்துத் தருகிறேன் என்றார். அன்றைக்குச் செய்யும் பூசணி பை (மாவில் வைத்துச் சுடும் இனிப்பு) செய்முறையை அத்தை ஃபோனில் சொல்லிவிட்டார். அதற்கு டின்னில் வரும் பூசணிக்கூழ் வேண்டும். இங்கே கிடைக்குமா?

---

மலைப்பாதை:

வெயிட்ரோஸ் சூப்பர்மார்க்கெட்டில் கேட்டுப் பாருங்கள், அங்கே நான் பார்த்திருக்கிறேன். சீக்கிரம் போங்கள், இந்த ஊரில் இருக்கும் அமெரிக்கர்கள் எல்லோரும் அதே வாரத்தில் அதைத்தான் தேடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை போவதாக இருந்தால் பெரிய கடைகள் ஆறு மணி நேரம்தான் திறந்திருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

---

ஹரோ மருந்துக்கடை:

கிடைக்காவிட்டால் பட்டர்நட் பூசணியை அவித்து, துணியில் கட்டித் தண்ணீரை வடியவிட்டு மசியுங்கோ. என் மனைவி அப்படித்தான் செய்வா.