எலிக்காய்ச்சல் கிருமியை எங்கட உடம்பு ஏன் உடன பிடிக்கேல்லை?

வட்டக்கச்சிப் பெடியன்:
உயர்தர உயிரியல் படிக்கிறன். காலபோகத்தில வயலுக்க நிண்ட அண்ணாக்கு எலிக்காய்ச்சல் வந்திட்டுது. கண் ரண்டும் சிவந்து, கெண்டைக்காலில கை வைக்க விடேல்ல. இப்ப சுகம். கிராம் எதிர் பற்றீரியாவின்ர (இரண்டு மென்சவ்வு உள்ள வகை) வெளிமென்சவ்வில இருக்கிற எல்பிஎஸ் எண்ட மூலக்கூறை, எங்கட கலத்தில கிருமியை உணருற ரிஎல்ஆர்-4 எண்ட வாங்கிப் புரதம் பிடிச்சவுடன அழற்சி தொடங்கும் எண்டு சேர் படிப்பிச்சவர். எலிக்காய்ச்சல் கிருமியான லெப்டோஸ்பைராவிலயும் எல்பிஎஸ் இருக்குத்தானே? அப்ப ஏன் ஒரு கிழமைக்கு மேல ஒரு நோய்க்குறியும் காட்டேல்ல?

ஆய்வுகூட அக்கா, வவுனியா:
தம்பி, சேர் சொன்னது குடலில இருக்கிற ஈகோலை மாதிரிப் பற்றீரியாவுக்குச் சரி. ரிஎல்ஆர்-4 பிடிக்கிறது எல்பிஎஸ்ஸின்ர அடியில இருக்கிற லிப்பிட் ஏ எண்ட கொழுப்புப் பகுதியை. ஈகோலையில அதுக்கு இரண்டு பொசுபேற்று. லெப்டோஸ்பைராவில ஒண்டுதான், அதிலயும் மெதைல் எண்ட சின்னக் கூட்டம் ஏறியிருக்கு. மனிசரின்ர ரிஎல்ஆர்-4க்கு அது பிடிபடாது. சுண்டெலியின்ர வாங்கிக்குப் பிடிபடும்! 1998இல புரூஸ் பொய்ட்லர் எண்ட விஞ்ஞானியின்ர ஆக்கள் ரிஎல்ஆர்-4இன்ர வேலையைக் கண்டதே அந்த வாங்கி பழுதான ஒரு சுண்டெலி வர்க்கத்தை வைச்சுத்தான். 2011இல அவருக்கு நோபல் பரிசு. அதே வர்க்கத்து இளம் சுண்டெலிக்கு லெப்டோஸ்பைரா ஏத்தினா செத்துப்போகும், வாங்கி நல்லா உள்ளது தப்பும். இந்தப் பாடத்தில எனக்கு ஆகப் பிடிச்ச இடம் இது.

பற்றீரியா நீந்துற வால் மாதிரியான சவுக்குமுளையை ரிஎல்ஆர்-5 எண்ட இன்னொரு வாங்கி பிடிக்கவேணும். இந்தக் கிருமி அதை இரண்டு மென்சவ்வுக்கும் நடுவில ஒளிச்சு வைச்சிருக்கு. இப்பிடி நழுவி நழுவி இரத்தத்தில பெருகிப்போடும்.

பிறகு ரிஎல்ஆர்-2 எண்ட வாங்கி, கிருமியின்ர லிப்போபுரதங்களை (கொழுப்பு ஒட்டின புரதங்கள்) பிடிக்கும். அந்த வாங்கியில கலத்துக்குள்ள இருக்கிற மைடி88 எண்ட புரதம் வந்து ஒட்ட, ஐராக், ட்ராஃப்-6 எண்ட புரதங்கள் ஒண்டையொண்டு தூண்டி, ஐகேகே நொதியம் ஐகப்பாபி எண்ட தடுப்புப் புரதத்தில பொசுபேற்று ஏத்தும். ஐகப்பாபி அழிய, அது மறிச்சு வைச்சிருந்த என்எஃப்-கப்பாபி எண்ட புரதம் கலத்தின்ர கருவுக்குள்ள போய் மரபணுக்களைத் தூண்டி, டிஎன்எஃப், ஐஎல்-6 மாதிரி அழற்சிச் செய்திப் புரதங்கள் எல்லாத்தையும் ஆக்குவிக்கும். அதுகள் மூளையில புரொஸ்டகிளாண்டின் எண்ட வேதிப்பொருளைக் கூட்டேக்கதான் காய்ச்சல் ஏறும்.

வட்டக்கச்சிப் பெடியன்:
அப்ப பனடோல் எங்க வேலை செய்யுது?

ஆய்வுகூட அக்கா, வவுனியா:
கடைசிப் படியில, அந்தப் புரொஸ்டகிளாண்டினில. கிருமி அப்பிடியே இருக்கும். பனடோல் போட்டுக் காய்ச்சல் விட்டிட்டுது எண்டு வீட்டில கிடந்து, தேத்தண்ணி நிறத்தில சலம் போன பிறகு வந்த ஆக்களின்ர இரத்தம் எங்களிட்ட வாறது. சிறுநீரகம் பழுதாகினா இரத்தத்தில கூடுற கிரியேற்றினின் எகிறி நிக்கும். பார்க்கவே மனம் பதறும்.

முள்ளியவளைக் கமக்காரன்:
பிள்ளை, வயலில இறங்க முதல் எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) கந்தோரில தாற டொக்சிசைக்கிளின் எதிர்ப்புச்சக்தியைக் கூட்டுற குளிசையோ?

ஆய்வுகூட அக்கா, வவுனியா:
இல்லை ஐயா. அது கிருமியின்ர இறைபோசோமில போய் நிண்டு புரதம் ஆக்கவிடாது, அதால கிருமி பெருகாது. கிழமைக்கு ஒருக்கா 200 மில்லிகிராம், சாப்பிட்ட பிறகு நிறையத் தண்ணியோட. வீட்டில கர்ப்பிணியோ சின்னப் பிள்ளையளோ இருந்தா உங்கட குளிசையைக் குடுத்துப்போடாதேங்கோ, டொக்டரைக் கேளுங்கோ. குளிசை போட்டிருந்தாலும் காய்ச்சலோட சலம் குறைஞ்சா அண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, வயலில நிண்டனான் எண்டதையும் மறக்காமச் சொல்லுங்கோ.