அசோலா போட்டு மீன் வளர்ப்பவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்

வணக்கம். ரசாயனம் எதுவும் சேர்க்காமல் குளத்தில் புல்கெண்டையும் ரோகுவும் வளர்க்கிறேன். தீவனச் செலவைக் குறைக்கத் தனித் தொட்டியில் அசோலா (தண்ணீரில் மிதக்கும் சிறு பெரணிச் செடி) வளர்த்துப் போடுகிறேன். புல்கெண்டைக்குப் பிரச்சினையே இல்லை, போட்ட வேகத்தில் காலி. ரோகுதான் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

காய்ந்த அசோலாவில் புரதம் 20 சதவீதத்துக்கு மேல் உண்டு. ஆனால் பச்சையாக அள்ளினால் 90 சதவீதத்துக்கு மேல் தண்ணீர்தான். கூடை கூடையாகக் கொட்டினாலும் வயிற்றுக்குள் என்ன போகும்? அதனால் நிழலில் உலர்த்திப் பொடித்து, தவிடு, கடலைப் புண்ணாக்கோடு பிசைந்து உருண்டையாகக் கொடுக்கலாம் என்று யோசனை. ரோகுவுக்கு இந்தக் கலவையில் அசோலா எத்தனை பங்கு வரை சேர்க்கலாம்? உருண்டை தண்ணீரில் உடனே கரையாமல் இருக்க எதைச் சேர்க்கிறீர்கள், மரவள்ளி மாவு போதுமா?

இன்னொன்று. தின்னாமல் விட்ட அசோலா குளத்தில் பரவி வெயிலை மறைத்துவிட்டது. அதனால் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்து, விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. இப்போது மூங்கில் சட்டத்துக்குள் மட்டும் போடுவதால் பரவாயில்லை. டக்வீடு என்ற மிதக்கும் செடி அசோலாவைவிடச் சிறியது, அதையாவது ரோகு பச்சையாகத் தின்னுமா? போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள். தயவுசெய்து ஆகாயத்தாமரையை மட்டும் யாரும் பரிந்துரைக்காதீர்கள், அதைப் பிடுங்கிப் போடவே நேரம் போதவில்லை!