பழுப்பு நிலக்கரிச் சுரங்கம்: கருத்துக் கேட்புக் கூட்டத்தில் என்ன கேட்பது?

வெள்ளாற்றங்கரை:
கடலூர் மாவட்டத்தில் எங்கள் ஊரை ஒட்டித் திறந்தவெளிச் சுரங்கம் வரப்போகிறது. கருத்துக் கேட்புத் தேதியை நாளிதழில் போட்டுவிட்டார்கள். சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கம், எல்லாம் ஆங்கிலம். இங்கே நெல்லும் கரும்பும் போர்வெல்லை நம்பித்தான். எங்கிருந்து படிப்பது? கிராம சபைத் தீர்மானம் போதுமா?

நீரடுக்கு:
தண்ணீர் அத்தியாயத்தை முதலில் எடுங்கள். நெய்வேலிப் படுகையில் நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரடுக்கு இருக்கிறது. அதை இரவுபகலாக இறைக்காவிட்டால் குழியின் தரை பொங்கி உடைந்துவிடும். ஆகவே சுரங்கம் ஓடும்வரை இறைப்பும் ஓடும், நீர்மட்டச் சரிவு சுரங்க எல்லையோடு நிற்காது. நாளொன்றுக்கு எத்தனை கன மீட்டர் இறைப்பார்கள், 10, 20 ஆண்டுகளில் சரிவு எந்த ஊர்வரை போகும், கடல்பக்கத்து உப்புநீர் உள்ளே வருமா என்று கேளுங்கள்.

எந்த மாதங்களில் அளந்தார்கள் என்றும் பாருங்கள். பெரும்பாலும் மழையில்லாத ஒரு பருவத்து அளவோடு முடித்துவிடுவார்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னும் பின்னும் அளக்காத கணக்கைக் கடலூரில் நம்ப முடியாது. ஊர்க் கிணறுகளை நீங்களே இப்போதே அளந்து வையுங்கள்: சர்வே எண், ஆழம், தேதி, மோட்டாரை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து நீர்மட்டம். பிறகு கிணறு வற்றினால் ஒப்பிட வேறு ஆதாரம் இருக்காது.

மனுக்காரன்:
2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும், சுருக்க அறிக்கை தமிழிலும் இருக்க வேண்டும். இல்லையென்றால் கூட்டம்வரை காத்திருக்காமல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள்.

தீர்மானம் போடுங்கள், ஆனால் அது மட்டும் போதாது. மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் சுரங்கத் திட்டம் ஏலக் கட்டத்தில் இருந்தபோதே ஊர்கள் எழுந்தன, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. உங்களுடையது அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. இங்கே “வேண்டாம்” என்று மட்டும் சொன்னால் குறிப்பில் ஒரு வரியாகப் போய்விடும். பக்க எண்ணோடு கேட்டால் நிறுவனம் இறுதி அறிக்கையில் பதில் எழுதியாக வேண்டும். அறிக்கையில் எவற்றையெல்லாம் ஆராய வேண்டும் என்று சுற்றுச்சூழல் அமைச்சகம் கொடுத்த ஆய்வு வரம்புகளை அறிக்கையோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள், ஓட்டைகள் அங்கேதான் தெரியும்.

வெள்ளாற்றங்கரை:
ஆளுக்கு 3 நிமிடம்தான் தருவார்களாம்.

மனுக்காரன்:
ஒருவர் தண்ணீர், ஒருவர் மேல்மண் கொட்டும் இடமும் மழையில் அது வழியும் வாய்க்காலும், ஒருவர் நிலமும் வேலையும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். பேசுவதை எழுத்திலும் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசிக்க வேண்டும், அதுவரை யாரும் கலையக் கூடாது. விட்டுப்போனதை அங்கேயே சொல்லிச் சேர்க்க வையுங்கள். சுரங்கத்துக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வந்துவிட்டால் சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்தில் 30 நாளுக்குள் மேல்முறையீடு. தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள், அதற்கு மேல் எடுக்க மாட்டார்கள்.